நம்ம ஊருக்கு எந்த 'ரூல்'?



"உங்க ஊரைப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொல்லுங்க." இன்டர்வியூவில் சாதாரணமாக வரும் கேள்விதான். உடனே நம்மில் பலர் 'டியூரிங் பிரிட்டிஷ் ரூல்' என்று ஆரம்பித்துவிடுவோம். பாடப்புத்தகத்தில் படித்துப் படித்து நாக்கில் ஒட்டிக்கொண்ட சொற்கள். இலக்கணம் சரி, சரித்திரம் தப்பு! வில்லியனூரையும் பாகூரையும் ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 'அண்டர் பிரெஞ்ச் ரூல்' என்பதே நமக்குப் பொருந்தும்.

ஆங்கிலேயர் இங்கே வரவே இல்லையா? வந்தார்கள். போரில் புதுச்சேரியைப் பலமுறை பிடித்தார்கள். கடைசியாக 1793 முதல் 1816 வரை வைத்திருந்தார்கள். அதற்கு 'பிரிட்டிஷ் ஆக்குபேஷன்' என்று பெயர். 'ரூல்' என்றால் நிலைத்த ஆட்சி. 'ஆக்குபேஷன்' என்றால் படையால் பிடித்து வைத்திருப்பது.

மன்னர்களைப் பற்றிப் பேசும்போது 'டியூரிங் தி ரெய்ன் ஆஃப்' என்று சொல்ல வேண்டும். (மழைக்கும் இதுக்கும் உச்சரிப்பு ஒண்ணுதான், எழுத்துதான் வேற!) பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அது 'டேட்ஸ் பேக் டு தி நைன்த் செஞ்சுரி'. செப்பேடு இன்றும் இருப்பதால் 'டேட்ஸ்' என்று நிகழ்காலத்தில்தான் வரும்.

நூற்றாண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரிக்கு வந்த 1674, 'லேட் செவன்டீன்த் செஞ்சுரி'. பதினாறு என்று பார்த்ததும் 'சிக்ஸ்டீன்த்' என்று சொல்லிவிடாதீர்கள்.

பெரிய சிக்கல் 'பிஃபோர் இண்டிபென்டன்ஸ்', 'ஆஃப்டர் இண்டிபென்டன்ஸ்' இரண்டிலும்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடி மாறியது. நம்ம கம்யூன்களில் மாறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. இது 'டி ஃபேக்டோ டிரான்ஸ்ஃபர்', அதாவது நடைமுறையில் மாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து அது அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இது 'டி ஜூரே டிரான்ஸ்ஃபர்', சட்டப்படி மாறியது. இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு வருஷத்தை 'டிரான்சிஷன் பீரியட்' என்று சொல்லலாம்.

அப்படின்னா, பாகூரில் 1950-இல் கட்டிய ஒரு வீட்டை என்னவென்று சொல்வது? 'போஸ்ட்-இண்டிபென்டன்ஸ்' என்றால் கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்வார். 'பில்ட் பிஃபோர் தி மெர்ஜர்' என்று சொல்லுங்கள். 'இன் தி லாஸ்ட் இயர்ஸ் ஆஃப் பிரெஞ்ச் ரூல்' என்றால் இன்னும் எடுப்பாக இருக்கும். அதே வருஷம் பக்கத்துக் கடலூரில் கட்டிய வீட்டுக்கு 'போஸ்ட்-இண்டிபென்டன்ஸ்' கச்சிதமாகப் பொருந்தும்!