கதிர்வீச்சைத் தாங்கும் உணரிப் பொருள்கள்

கதிர்வீச்சைத் தாங்கும் உணரிப் பொருள்கள் என்பவை, துகள் மோதல் நிகழும் இடத்திற்கு மிக அருகில் இருந்து, பல ஆண்டுகள் துகள்களால் தாக்கப்பட்ட பிறகும் பயன்படும் நிலையிலேயே இருக்கும் பொருள்கள் ஆகும். ஜெனிவாவிற்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் இவற்றின் தேவை மிகுதி.

செயல்படும் விதம்

மெல்லிய சிலிக்கன் தகட்டை மின்னூட்டத் துகள் ஊடுருவும்போது, அதன் வழியெங்கும் எலக்ட்ரான்–துளை இணைகள் உண்டாகின்றன. தகட்டிற்குக் கொடுக்கப்பட்டுள்ள மின்னழுத்தம் அவற்றை மின்முனைகளுக்கு இழுத்துச் செல்கிறது. அங்கு கிடைக்கும் சிறு துடிப்பே துகள் சென்ற இடத்தைக் காட்டுகிறது.

சேதம் ஏற்படும் விதம்

உணரி எந்தத் துகளைக் காண வேண்டுமோ, அதே துகள்தான் அதைக் கெடுக்கவும் செய்கிறது. சிலிக்கன் அணுவை அதன் இருப்பிடத்திலிருந்து தள்ளிவிட ஏறத்தாழ 25 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். இவ்வாறு படிகத்தில் காலியிடங்களும் இடம் மாறிய அணுக்களும் பெருகினால் மூன்று விளைவுகள் ஏற்படும்.

1. கசிவு மின்னோட்டம் கூடும், உணரி சூடாகும்.
2. உணரியை முழுமையாக இயக்கத் தேவைப்படும் மின்னழுத்தம் உயரும்.
3. மின்னூட்டங்கள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும், துடிப்பு சிறுத்துவிடும்.

மேம்படுத்தப்பட்டுவரும் மோதுவியின் உள்ளடுக்கில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2×10¹⁶ நியூட்ரான்களுக்கு ஈடான தாக்குதல் எதிர்பார்க்கப்படுகிறது.

தாங்கவைக்கும் வழிகள்

ஆக்சிஜன் சேர்த்தல்: சிலிக்கனில் ஆக்சிஜனைச் செறிவூட்டினால், புரோட்டான் போன்ற மின்னூட்டத் துகள்களால் வரும் சேதம் குறைகிறது. நியூட்ரான் சேதத்திற்கு இது அவ்வளவாக உதவுவதில்லை.

முப்பரிமாண உணரி: ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பவருக்கு வீடு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு தண்ணீர் மிஞ்சும். அதுபோல மின்னூட்டம் நகரும் தூரத்தைக் குறைத்தால் இழப்பும் குறையும். இதற்காக மின்முனைகளைத் தகட்டின் மேற்பரப்பில் பரப்பாமல், தூண்கள் போல உள்ளே இறக்குகிறார்கள். தகட்டின் தடிமன் மாறாததால், உண்டாகும் மின்னூட்டத்தின் அளவு குறைவதில்லை. அது கடக்கும் தூரம் மட்டும் குறைகிறது. அட்லஸ் கருவியில் 2014-இல் சேர்க்கப்பட்ட உள்ளடுக்கின் ஒரு பகுதியில் இத்தகைய உணரிகள் உள்ளன.

வைரம்: வைரத்தில் அணுவை இடம்பெயர்க்க ஏறத்தாழ 43 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அதன் ஆற்றல் இடைவெளி 5.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கனுக்கு 1.1 மட்டுமே. ஆகவே வைரத்தில் கசிவு மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் அதே தடிமனில் சிலிக்கன் தரும் மின்னூட்டத்தில் பாதிகூட வைரத்தில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். எனவே துகள் கற்றையைக் கண்காணிக்கும் சிறு உணரிகளிலேயே அது பெரும்பாலும் பயன்படுகிறது.

குளிர்வித்தல்: வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசு குறைந்தால் கசிவு மின்னோட்டம் பாதியாகிறது. சேதமுற்ற உணரியை நெடுநாள் அறை வெப்பநிலையில் விட்டால், தேவைப்படும் மின்னழுத்தம் மேலும் உயரும். அதனால் மோதுவி ஓய்வில் இருக்கும்போதும் உணரிகளைக் குளிரிலேயே வைக்கிறார்கள்.

எல்லை

எந்தப் பொருளும் சேதத்தை முற்றிலும் தடுப்பதில்லை, தள்ளிப்போடவே செய்கிறது. அதனால்தான் அட்லஸின் புதிய கருவியில் உள்ளடுக்குகள் இடையில் கழற்றி மாற்றக்கூடியவையாக வடிவமைக்கப்பட்டுள்ளன.