நான்கு வீடு பார்த்தாயிற்று, எது கட்டுப்படியாகும்?

மிளகாய் வற்றல் ஒரு மூடை எடுப்பதானாலும் நாம் கீழமாசி வீதியில் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். கையை உள்ளே விட்டு அடிச்சரக்கைப் பார்க்கிறோம், ஈரம் பார்க்கிறோம், காம்பு எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுகிறோம். அதே நாம், இருபது வருடச் சம்பாத்தியத்தைப் போட்டு வீடு வாங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தரகருடன் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியிலேயே அச்சாரம் கொடுத்துவிடுகிறோம். வீடு என்றவுடன் வியாபாரி காணாமல் போய்விடுகிறான்.

மதுரையில் சில்லறை மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். வாடகை வீடு, மாதம் ரூ.9,000. பெண் கல்லூரி முடிக்கும் முன் சொந்த வீடு வேண்டும் என்பது வீட்டில் உள்ளவர்கள் விருப்பம். கையில் ரூ.16 லட்சம் இருந்தது. சீட்டு எடுத்தது, வங்கி வைப்பு, ஊரில் ஒரு துண்டு நிலம் விற்றது எல்லாம் சேர்ந்து. மூன்று வருடமாக வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து வந்ததால் வங்கியில் ரூ.24 லட்சம் வரை கடன் தரச் சம்மதித்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலர் வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறோம். வங்கிக்காரர் நம் கல்லாவைப் பார்க்க மாட்டார், அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார். மாத வருமானத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் தவணைக்குப் போக வங்கிகள் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. ரூ.24 லட்சம் கடன் வேண்டுமானால் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் வருமானம் கணக்கில் தெரிய வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டு மூன்று வருடம் முன்னதாகவே இதைச் சரிசெய்துகொள்வது அவசியம்.

ஆக, 16-ம் 24-ம் சேர்ந்து 40 லட்சம். அன்பரும் "40 லட்சத்துக்குள் வீடு" என்று தரகர்களிடம் சொல்லிவைத்திருந்தார். முதலில் அதைத்தான் திருத்தினோம். நம் மாநிலத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023-இல் 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, ஆனால் வழிகாட்டி மதிப்பு அப்போது ஏற்றப்பட்டது. மொத்தம் 9 சதவீதம். வீட்டு விலை பத்து லட்சத்துக்கு மேல் போனால் இந்தச் செலவை வீட்டு விலையோடு சேர்த்து வங்கி கடன் கொடுக்காது, கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். வக்கீல் கருத்து, பத்திரம் எழுதும் கூலி, வங்கியின் கட்டணம், மின் இணைப்பு மாற்றம், தரகு என்று இன்னும் ஒரு லட்சம் வைத்துக்கொள்ளலாம். எனவே 40 லட்சம் உள்ளவர் வாங்கக்கூடிய வீட்டின் விலை 35 லட்சம், அதற்கு மேல் இல்லை. வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலியைச் சேர்க்காமல் சரக்கின் அடக்க விலையைச் சொல்வோமா?

நான்கு வீடுகள்

அவர் பார்த்து வைத்திருந்தவை நான்கு.

மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மச்சு வீடு. மனை ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி. விலை ரூ.34 லட்சம். கடைக்கு நடந்தே போகலாம்.

கூடல் நகர்ப் பக்கம் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. கட்டி ஒன்பது வருடம் ஆனது. 780 சதுர அடி, அதற்குரிய பிரிபடாத மனைப் பங்கு 310 சதுர அடி. விலை ரூ.33 லட்சம்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி மூன்று சென்ட் மனையில் புது வீடு. விலை ரூ.35 லட்சம். கடையிலிருந்து 12 கிலோமீட்டர்.

நான்காவது, அடிமனை கோவிலுக்குச் சொந்தமான ஒரு வீடு. கட்டடம் மட்டும் விற்பவருடையது. ரூ.22 லட்சம்தான். "நாலில் இதுதான் மலிவு, கடனே அதிகம் வேண்டாம்" என்று தரகர் மனதைக் கரைத்திருந்தார்.

மலிவானதை முதலில் எடுத்துக்கொண்டோம். கோவில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்க முடியாது. அத்துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் சார்பதிவாளர் அதைப் பதிவு செய்யவும் மாட்டார். பதிவு செய்ய முடியாத மனையின் பேரில் வங்கி கடன் கொடுக்காது. கையில் 16 லட்சம், விலை 22 லட்சம், குறையும் 6 லட்சத்தை வெளியில்தான் வாங்க வேண்டும். மூன்று வட்டிக்கு 6 லட்சம் வாங்கினால் மாதம் ரூ.18,000 வட்டிக்கு மட்டுமே போகும், முதல் அப்படியே நிற்கும். வங்கியில் 24 லட்சம் வாங்கினாலோ, 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ரூ.21,600, அதில் அசலும் குறைந்துகொண்டு வரும். நான்கில் மலிவான அந்த வீடுதான் அன்பருக்கு வாங்க முடியாத வீடாக இருந்தது.

மச்சு வீட்டின் மீதுதான் அவருக்கு ஆசை. கடைக்குப் பக்கம், கோவில் பக்கம், மாமனார் வீடும் பக்கம். நாமும் அந்தத் தெருவாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனை ஒரு சென்ட். இரு பக்கமும் பொதுச்சுவர். இடித்துக் கட்ட நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். மேலே எழுப்பலாம் என்றால், மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற அரசாணை 1997 முதல் இருக்கிறது. கீழே கடை, மேலே இரண்டு மாடி என்ற கனவு அங்கே பலிக்காது. உத்தரமும் மச்சும் மாற்ற மேஸ்திரி சொன்ன மதிப்பு 6 லட்சம். 34 லட்சத்தோடு பதிவுச் செலவு 3 லட்சத்துச் சொச்சம், இதர செலவு 1 லட்சம், பழுதுபார்ப்பு 6 லட்சம் சேர்த்தால் 44 லட்சம். நான்கு லட்சம் துண்டு விழுகிறது.

இன்னொன்று, வீடு பூர்வீகச் சொத்து. விற்பவர்கள் அண்ணன் தம்பி மூவர், கோயம்புத்தூரில் ஒரு சகோதரி. "அக்காவுக்குச் சீர் செய்தாயிற்று, அவர் கையெழுத்து வேண்டியதில்லை" என்றார்கள். இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தரப்பட்டது. 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பின் மணமான பெண்களுக்கும் உண்டு. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, தகப்பனார் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அந்த அம்மாள் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் அந்த வீட்டைத் தொடக் கூடாது.

கடை முதலில் கை வைக்கலாமா?

துண்டு விழும் நான்கு லட்சத்துக்கு அன்பர் ஒரு வழி வைத்திருந்தார். "கடையில் 12 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, நாலு லட்சம் எடுத்தால் என்ன?" என்றார். வீட்டுக்காகத் தடுமாறிய வியாபாரிகளில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியில்தான் தடுமாறியிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அவர் மண்டியில் ரொக்கத்துக்கு எடுப்பவர். பதினைந்து நாள் கடனுக்கு எடுத்தால் நூற்றுக்கு ஒன்றரை கூடுதல். நாலு லட்சத்தை உருவிவிட்டால் அந்த அளவு சரக்கைக் கடனுக்குத்தான் எடுக்க வேண்டும். நடைக்கு ரூ.6,000 கூடும். பதினைந்து நாளுக்கு ஒரு நடை, வருடத்துக்கு 24 நடை, ஆக ரூ.1,44,000. நாலு லட்சத்துக்கு இது வருடம் 36 சதவீதம். 9 சதவீதத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும்போது, மூன்று வட்டிக்குத் தம்மிடமே கடன் வாங்குவது போன்ற காரியம் இது. அதோடு போகாது. தீபாவளிக்கு முன் விலை ஏறும் என்று தெரிந்தும் எண்ணெய், பருப்பு சேர்த்துப் போட முடியாது. தட்டு காலியாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடை பார்ப்பார். நம்மைப் பொறுத்தவரை கடை முதல் வீட்டுக் கணக்கில் வரவே கூடாது. இதில் விட்டுக்கொடுத்துப் பேச நமக்கு விருப்பமில்லை.

மாதத் தவணையையும் கடைக் கணக்கில் பார்ப்பதே நல்லது. ரூ.21,600 என்றால் நாளுக்கு ரூ.720. நூற்றுக்குப் பத்து நின்றால் தினம் ரூ.7,200 வியாபாரம் தவணைக்கே ஓட வேண்டும். வாடகை ரூ.9,000 மிச்சமாவதால் அதில் ரூ.3,000 வியாபாரம் கழியும். மீதி ரூ.4,200 புது வியாபாரமாக வர வேண்டும், அல்லது வீட்டுச் செலவில் குறைய வேண்டும். அன்பர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, முடியும் என்றார்.

வட்டி 9 சதவீதத்திலேயே 20 வருடமும் நிற்காது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, கடன் வாங்கியிருந்தவர்களுக்குத் தவணைக் காலம் வருடக்கணக்கில் நீண்டது. ஆனால் நமக்கு ஒரு வசதி உண்டு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது. சம்பளக்காரருக்கு மாதம் ஒரே வரவு, நமக்கோ தீபாவளி, பொங்கல் என்று இரண்டு நல்ல மாதங்கள் இருக்கின்றன. அந்த லாபத்தில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ அசலில் கட்டிவந்தால் 20 வருடக் கடன் வெகுவாகச் சுருங்கும்.

மிச்சம் இரண்டு வீடுகள். ஒத்தக்கடைப் பக்கத்து வீடு பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்று சென்ட், தென்னைக்கு இடம், மாடி எழுப்பவும் இடம். முதலில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்த்தோம். 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகாத, அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது. இங்கே அங்கீகாரம் இருந்தது. அடுத்து புல வரைபடமும் 'அ' பதிவேடும். மதுரை கண்மாய்கள் சூழ்ந்த ஊர். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை எல்லோரும் பார்த்தோம். பக்கத்து சர்வே எண் ஓடையா, கண்மாய் வாய்க்காலா என்று பார்ப்பது வாஸ்து பார்ப்பதைவிட முக்கியம். அதிலும் பழுதில்லை.

பழுது அன்பரின் நடைமுறையில் இருந்தது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுகிறார். மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் மனைவி கல்லாவில் உட்காருகிறார். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது நடக்காது, ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். பெட்ரோலும் ஆள் சம்பளமும் சேர்ந்தால் இன்னொரு தவணைக்குச் சமம். செலவெல்லாம் போக கையிலும் ஒரு லட்சம்கூட மிஞ்சாது. அரசு ஊழியருக்கு நாம் அந்த வீட்டைத்தான் சொல்லியிருப்போம்.

அடுக்குமாடி வீடு என்றால் நம் வியாபாரிகளுக்கு ஒரு இளக்காரம் உண்டு, "ஆகாயத்தில் தொங்குகிற வீடு" என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. கட்டடம் வருடத்துக்கு வருடம் தேயும், விலை ஏறுவது மனைப் பங்குக்குத்தான். ஆகவே பத்திரத்தில் 310 சதுர அடி பங்கு எழுதியிருக்கிறதா, எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னோம், சரியாக வந்தது. பராமரிப்புக்கு மாதம் ரூ.1,500. மாடியில் சரக்கு வைக்க முடியாது. கட்டி முடித்துக் கைமாறும் வீடு என்பதால் ஜி.எஸ்.டி. இல்லை. 33 லட்சத்தோடு பதிவும் மற்றதும் சேர்த்து 37 லட்சம். கையில் மூன்று லட்சம் மிஞ்சும். அந்த மூன்று லட்சத்துக்காகவே நாம் இந்த வீட்டைச் சொன்னோம். பத்து மாதத் தவணையும் பராமரிப்பும் அதில் அடங்கும் அல்லவா? அம்மையார் மட்டும் கோடை நண்பகலில் ஒருமுறை போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்த பிறகே சம்மதித்தார்.

விற்பவர் ஐந்து லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார். அசையாச் சொத்து விற்பனையில் ரூ.20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்ற சட்டம் 2015 ஜூன் முதல் இருக்கிறது, வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்று எடுத்துச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. பத்திரத்தில் விலை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும் என்பதால் நம் அன்பருக்கும் அதில் ஆதாயமில்லை.

2012 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குமுன் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்ததில், விற்பவர் முன்பு வங்கியில் வாங்கிய கடன் அடைந்துவிட்டது என்றாலும் அதற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்று தெரிந்தது. அது பதிவாக மூன்று வாரம் ஆயிற்று. அதன் பிறகே ஒப்பந்தம் போட்டு, முன்பணத்தை வங்கி வரைவோலையாகக் கொடுத்தார்.