சிக்கலாரும் திருவாரூர் மோகனாவும்

‘தில்லானா மோகனாம்பாள்’ வெளியான ஆண்டு 1968. ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார்.

நாயகன் சிக்கல் என்ற ஊரின் நாகஸ்வர வித்வான்; நாயகி மோகனா, திருவாரூரில் சதிர் ஆட்ட மரபில் வந்தவள். இரண்டும் இசை வேளாளர் வாழ்ந்த வாழ்க்கை. அதை நடித்தவர்களோ சிவாஜி கணேசனும் திருவனந்தபுரத்துப் பத்மினியும். சிவாஜியின் விரலையும் கன்னத்தையும் பார்த்தால் வாசிப்பவர் அவரே என்று தோன்றும். ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம்.

மகளைப் பணக்காரரிடம் சேர்க்கத் துடிக்கும் தாய் வடிவாம்பாளைப் பார்த்து அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது: பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை 1947இல் சென்னை மாகாணம் தடைசெய்தது. அதற்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பிறந்த ஊரும் திருவாரூர்தான். அவர் 1936இல் எழுதிய ‘தாசிகள் மோசவலை’ நாவலில் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் வாழ்க்கையை உள்ளிருந்தே பேசினார். படத்தில் மோகனா மானத்தைக் காக்கிறாள்; அம்மையார் கேட்டது விடுதலை.

மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வேறு ரகம். மேடை நாடகக்காரியின் தனிமையை இவ்வளவு வாஞ்சையோடு காட்டிய படங்கள் குறைவு.

கலைஞர்களுக்கு இடம் தந்த கதையில், அதே மண்ணின் வயலில் நாற்று நட்டவர்களுக்கு இடமில்லை. படம் வந்த அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, சிக்கல் இருக்கும் அதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் அவர்கள்.