கிளட்ச் வழுக்குகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு திருகைத் திறக்கச் சொல்லுங்கள்

நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டண வசூல் 2024 ஜனவரி 19-இல் நின்றது. வண்டிகள் நிற்பதுதான் நிற்கவில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரவிருக்கும் மெட்ரோவுக்காக ராஜீவ் காந்தி சாலையின் நடுவே தடுப்புகள் எழுந்த பிறகு, மாலை நேரத்தில் சோழிங்கநல்லூரிலிருந்து நாவலூர் வந்து சேர்வதற்குள் இடது கால் மரத்துப்போகிறது. முதல் கியர், ஆஃப் கிளட்ச், பிரேக். மறுபடியும் முதல் கியர். பத்துப் பதினைந்து வயதான கார் ஒருநாள் இங்கேதான் சொல்லிக்காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். கருகிய வாடை உள்ளே வரும்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பிளேட் போச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஹைட்ராலிக் கிளட்சில் பிளேட் தேயாமலே வழுக்கல் வரும். எது காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் தலையாட்டினால், ஆயிரத்தில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

வழுக்கல் வேறு, விலகாமை வேறு

மாருதி 800-இல் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். குவாலிஸ், இன்னோவா, ஹோண்டா சிட்டி போன்ற வண்டிகளில் அந்த வேலையைத் திரவம் செய்கிறது. பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். கீழே இருக்கும் சிலேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தி, பிளேட்டை விடுவிக்கும்.

திரவம் கசிந்தாலோ, குழாயில் காற்று புகுந்தாலோ பெடல் சொதசொதவென்று இறங்கும். கியர் கரகரவென்று சண்டை பிடிக்கும். கிளட்ச் சரியாக விலகவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அது வழுக்கல் அல்ல. பிளேட் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போவதே வழுக்கல். சமதளத்தில் கைபிரேக்கை இழுத்துவிட்டு, முன்னால் ஆள் இல்லாத இடத்தில், மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

மிதிக்காமலே மிதித்த மாதிரி

கிளட்ச் வழுக்குவதற்கான காரணங்கள் இரண்டு வகை. முதல் வகை கியர்பாக்ஸுக்கு அந்தப் பக்கம்: தேய்ந்த பிளேட், வலுவிழந்த பிரஷர் பிளேட், எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து எண்ணெய் படிந்த பிளேட். இதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வகை வெளியிலேயே இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் திரவம் மேலே திரும்ப மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துளை உண்டு. பெடல் கம்பியில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாவிட்டாலோ, உள்ளே ரப்பர் சீல் உப்பிப்போனாலோ அந்தத் துளை அடைபடும். ரப்பர் குழாய் உள்ளுக்குள் வீங்கினாலும் இதே கதைதான். திரவம் திரும்பாது, அழுத்தம் தங்கிவிடும். கால் தரையில் இருக்கும்போதே கிளட்ச் பாதி மிதிபட்ட நிலையில் இருக்கும்.

சீல் ஏன் உப்புகிறது? நம் பேச்சு வழக்கிலேயே வினை இருக்கிறது. எல்லோரும் அதைக் "கிளட்ச் ஆயில்" என்கிறோம். அது ஆயிலே அல்ல. பிரேக்குக்கு ஊற்றும் அதே டாட் 3 அல்லது டாட் 4 திரவம். பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதும், ரப்பர் ஊதிவிடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான் என்பதால் அந்தத் தவறு பிரேக்கையும் கெடுக்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது. எஞ்சினை அணைத்து, வண்டி நகராதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பெடலைத் தொடாமல், சிலேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் திருகை மெக்கானிக் லேசாகத் தளர்த்தட்டும். திரவம் வெறுமனே சொட்டாமல் பீய்ச்சிக்கொண்டு வந்தால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. திருகை மூடிவிட்டு மூன்றாவது கியர் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது எஞ்சின் அணைந்தால் குற்றவாளி ஹைட்ராலிக். இன்னும் வழுக்கினால் பிளேட் பக்கம்தான். இதைப் பார்க்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், தங்கிய அழுத்தம் புதுப் பிளேட்டையும் பழையதன் வழிக்கே அனுப்பிவிடும்.

அலட்சியத்தின் விலை

வழுக்கும் வண்டி மேம்பாலத்தின் ஏற்றத்திலோ, லாரிக்கு முன்னால் திரும்பும்போதோ கைவிடும். ஓரம் கட்ட முடியாவிட்டால் நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, எல்லோரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நில்லுங்கள். அவசரத்துக்கு 112. இன்னொன்று: பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். அந்தக் கறுப்புத் தூளைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவதைப் பார்த்தால் தடுங்கள். மெக்கானிக்கின் நுரையீரலுக்கும் அது கேடு, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் கேடு.

காப்பீடு கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்காது.

சட்டம் உங்களுக்குத் தருவது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பும் சேவைதான். அரைகுறை வேலை சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஒரே காரை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கும் கால்டாக்ஸி ஓட்டுநரும் இச்சட்டத்தின்கீழ் நுகர்வோரே. எனவே வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். "கழற்றிய உதிரிபாகங்கள் எனக்கு வேண்டும்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பழைய பிளேட்டின் தடிமன் பிறகு சாட்சி சொல்லும்.

பணத்தில் தகராறு வந்தால் வண்டியைப் பிடித்துவைக்க ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை உண்டா? உண்டு. செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் கைகலப்பு வேண்டாம். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதி, படம் எடுத்துக்கொண்டு, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வாருங்கள். வழக்கை அங்கிருந்து தொடங்கலாம்.

"வெளியில் பாகம் கிடைக்காது, எங்களிடம்தான் வர வேண்டும்" என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. தனி ஒர்க்‌ஷாப்புகளுக்கு உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தாலும், வண்டியை எங்கே பழுதுபார்ப்பது என்பது உரிமையாளரின் முடிவு என்ற வாதத்துக்கு அந்த உத்தரவு வலு சேர்த்தது.

எங்கே முறையிடுவது

முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் போதவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒர்க்‌ஷாப் கிண்டியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாவலூர்க்காரருக்கும் தாம்பரத்துக்காரருக்கும் அது செங்கல்பட்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு.

ஆணையம் முதலில் கேட்பது காகிதத்தை. அந்தக் காகிதம் உருவாவது ஒர்க்‌ஷாப் வாசலில்தான். "கியர்பாக்ஸ் இறக்கணும்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஒன்று கேளுங்கள்: "திருகைத் திறந்து பார்த்தீங்களாண்ணே?" பார்த்தவர் என்ன கண்டார் என்று சொல்வார். அதை மதிப்பீட்டில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்காதவர் உங்கள் கண் முன்னாலேயே பார்க்கட்டும்.