நேரடி உட்செலுத்தல் பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருள் உட்செலுத்திப் பராமரிப்பு

எரிபொருள் உட்செலுத்தி என்பது பெட்ரோலை நுண்துளிகளாகத் தெளித்து எந்திரத்துக்கு வழங்கும், மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படும் வால்வு ஆகும். பணிமனைகளில் இது இன்ஜெக்டர் என வழங்கப்படுகிறது. நேரடி உட்செலுத்தல் எந்திரங்களில் இதன் முனை எரியறையின் உள்ளேயே அமைந்துள்ளது. எனவே அதன் பராமரிப்பு பழைய வகை எந்திரங்களின் பராமரிப்பிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது.

அமைப்பு

உள்ளிழு குழாய்வழி உட்செலுத்தலில் ஏறத்தாழ 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் உள்ளிழு வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படுகிறது. நேரடி உட்செலுத்தலில் எந்திரத்தால் இயக்கப்படும் உயர் அழுத்த எக்கி, பெட்ரோலை ஏறத்தாழ 50 முதல் 200 பார் வரையான அழுத்தத்துக்கு உயர்த்துகிறது. புதிய அமைப்புகள் சிலவற்றில் இது 350 பார் வரை செல்கிறது. உட்செலுத்தியின் முனையில் 0.1 முதல் 0.2 மி.மீ. விட்டமுள்ள சில துளைகள் இருக்கும். மெல்லிய கரிப்படிவு கூட இத்துளைகளின் தெளிப்பு வடிவத்தை மாற்றிவிடும்.

வரலாறு

1954 ஆம் ஆண்டு அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரில் இயந்திரவியல் முறை நேரடி உட்செலுத்தல் பயன்படுத்தப்பட்டது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய முறையை மிட்சுபிசி நிறுவனம் 1996 இல் காலன்ட் காரில் வெளியிட்டது.

இந்தியாவில் 2013 இல் வெளிவந்த போக்சுவாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, போர்டு ஈகோசுபோர்ட் ஈகோபூஸ்ட் ஆகியவை இம்முறையைச் சிறிய கார்களுக்குக் கொண்டுவந்தன. ஈகோசுபோர்ட் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக போர்டு 2021 இல் அறிவித்தது. 2019 இல் வெளியான ஹுண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ வகையும் நேரடி உட்செலுத்தல் கொண்டது; அது திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரிக்கப்பட்டது.

படிவு உருவாதல்

சூடான எந்திரம் நிறுத்தப்பட்டதும் உட்செலுத்தி முனையில் தங்கிய சிறிதளவு பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி நீங்கிவிடுகிறது. எஞ்சும் கனமான பகுதி கருகிப் படிகிறது. எந்திரம் ஓடும்போது புதிய பெட்ரோல் முனையைக் குளிர்விக்கிறது. நிறுத்தியவுடன் அக்குளிர்விப்பு நின்றுவிடுகிறது.

உள்ளிழு வால்வின் பின்புறத்தில் படியும் கரி வேறு வகையானது. அது பெரும்பாலும் எண்ணெய் ஆவியிலிருந்து உருவாகிறது. நேரடி உட்செலுத்தலில் பெட்ரோல் அவ்வால்வைத் தொடுவதில்லை. ஆகவே அதைக் கழுவுவதும் இல்லை. இரு வகை உட்செலுத்திகளும் கொண்ட சில எந்திரங்களில் மட்டும் இக்குறை நீங்குகிறது.

அறிகுறிகள்

குளிர்ந்த நிலையில் கிளப்பக் கடினமாதல், ஓய்வுநிலை நடுக்கம், இழுவை குறைதல், எரிபொருள் செலவு கூடுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகளாகும். கண்டறி கருவியில் பி0300 வரிசைக் குறிகள் எரிதவறலையும், பி0171 கலவையில் பெட்ரோல் குறைவதையும், பி0087 அழுத்தக் குறைவையும் காட்டுகின்றன. தீப்பொறிச் செருகி, பற்றவைப்புச் சுருள், எக்கி ஆகியவற்றின் பழுதும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும். அவற்றைச் சோதிக்காமல் உட்செலுத்தியை மாற்றுவது வீண் செலவாக முடியலாம்.

பராமரிப்பு

* பாலிஈதர் அமீன் கலந்த தூய்மையாக்கியை, கார் தயாரிப்பாளர் ஏற்கும் அளவில், பெட்ரோலுடன் சேர்க்கலாம். இது உட்செலுத்தி முனையைத் தூய்மையாக்க உதவும். உள்ளிழு வால்வை இது எட்டாது. அதற்கு உள்ளிழு குழாயைக் கழற்றி, அரைத்த வாதுமைக்கொட்டை ஓட்டுத்துகளைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் முறை பயன்படுகிறது.
* எந்திர எண்ணெயைக் கையேட்டில் கூறப்பட்ட தரத்திலேயே இட வேண்டும். 2020 இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், டர்போ நேரடி உட்செலுத்தல் எந்திரங்களில் குறைந்த வேகத்தில் நிகழும் முன்பற்றலைக் குறைக்கும் வகையில் வகுக்கப்பட்டது. இம்முன்பற்றல் உந்துதண்டை உடைக்கவும் வல்லது.
* இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பெட்ரோலின் கந்தக அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 2025 இல் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் என்பதால் நெடுநாள் நிறுத்திவைக்கும் கார்களில் பழைய பெட்ரோலைத் தங்கவிடலாகாது.

கழற்றுதலும் பாதுகாப்பும்

எந்திரம் நின்ற பின்னரும் குழாய்களில் உயர் அழுத்தம் எஞ்சியிருக்கலாம். இவ்வழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உட்புகும். வெளிக்காயம் ஊசிக்குத்து போலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும். எனவே கையேட்டின் முறைப்படி அழுத்தத்தை இறக்காமல் இணைப்புகளைத் தளர்த்தக் கூடாது.

கழற்றிய உட்செலுத்தியின் எரியறை அடைப்பு வளையத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. புதியதைப் பொருத்தி, உரிய கருவியால் அளவுக்கு அமுக்க வேண்டும். முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துளைகள் கெடும். சில கார்களில் ஒவ்வொரு உட்செலுத்தியின் குறியெண்ணையும் கட்டுப்பாட்டகத்தில் பதிய வேண்டியிருக்கும்.

வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில்

தோல் பதனிடும் தொழில் செறிந்த ராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை வழியில் அமைந்துள்ளன. இவற்றுள் ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. இவ்வட்டாரத்தில் ஒரே கார் இருவகைப் பயன்பாட்டுக்கு உட்படலாம். ஊருக்குள் பதனிடும் ஆலைக்கும் கிடங்கிற்கும் செல்லும் குறுகிய ஓட்டத்தில் எந்திரம் முழுச்சூடு அடைவதில்லை. எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது. அத்தகைய கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பாராது, கால அளவைக் கொண்டும் எண்ணெய் மாற்றுவது நன்று. மாறாக, நெடுஞ்சாலையில் விரைந்து வந்த டர்போ எந்திரத்தை உடனே நிறுத்தாமல் இறுதிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டினால் அதன் சூடு தணியும். வேலூரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கமாதலால் எந்திரக் குளிர்விப்பு அமைப்பையும் சீராக வைத்திருத்தல் வேண்டும்.