பூஜ்ஜியம் என்றால் வெற்றியா, தோல்வியா? இணையப் பாதுகாப்பைக் கவிழ்த்த எரர் கோடு குழப்பம்

2014 பிப்ரவரி 21 அன்று ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 7.0.6 என்ற அவசர அப்டேட்டை ஆப்பிள் வெளியிட்டது. பத்தே நாளில், மார்ச் 3 அன்று, லினக்ஸ் மென்பொருள்கள் பல நம்பியிருந்த க்னூடிஎல்எஸ் என்ற லைப்ரரிக்கும் அவசரத் திருத்தம் வந்தது. இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான். நடுவில் புகுந்த ஒருவர் "நான்தான் உங்கள் வங்கியின் இணையதளம்" என்று நடித்தால், மென்பொருள் அதை அப்படியே நம்பிவிடும்.

இதற்காக யாரும் குறியாக்கக் கணக்கை உடைக்கவில்லை. சி மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்த எண்ணில்தான் கோளாறு.

சி மொழியில் தப்பு நடந்தால் எப்படித் தெரியும்?

ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் ஏதாவது தவறு நடந்தால் எக்செப்ஷன் எழும். அதை யாரும் கவனிக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் அந்த வசதி இல்லை. ஃபங்ஷன் ஒரு எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அழைத்தவர் அதைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், எதுவுமே நடக்காதது போல அடுத்த வரி ஓடும்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? இங்கேதான் சிக்கல். பொதுவான வழக்கப்படி பூஜ்ஜியம் என்றால் வெற்றி, மற்ற எண்கள் எல்லாம் தோல்விகள். இதற்கு நியாயமும் உண்டு. அலுவலகத்துக்கு வந்தவரிடம் "ஏன் வந்தீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை, வராதவரிடம்தான் காரணம் கேட்பார்கள். வெற்றிக்கு ஒரே எண் போதும், தோல்விக்குக் காரணம் சொல்லப் பல எண்கள் வேண்டும்.

ஆனால் "ஆமா, இல்லையா?" என்று கேட்கும் ஃபங்ஷன்களில் இது அப்படியே தலைகீழ். அங்கே 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. கூடவே சி மொழியின் அடிப்படை விதி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: பூஜ்ஜியம் மட்டுமே பொய், மற்ற எல்லா எண்களும் உண்மை. மைனஸ் 1 கூட உண்மைதான்.

"தெரியல" என்பது "ஆமா" ஆனது எப்படி?

க்னூடிஎல்எஸ்ஸில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டவருக்கு உண்மையிலேயே அந்த அதிகாரம் உண்டா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதிகாரம் உண்டென்றால் 1, இல்லையென்றால் 0. ஆனால் சான்றிதழைப் படிக்கும்போதே ஏதாவது கோளாறு வந்தால், அந்தக் கோளாறின் எரர் கோடை, அதாவது ஒரு மைனஸ் எண்ணை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. அழைத்த இடத்தில் இருந்த கேள்வியோ "விடை பூஜ்ஜியமா?" என்பது மட்டும்தான். மைனஸ் எண் பூஜ்ஜியம் இல்லையே! எனவே சோதனையில் தேறியதாகவே கணக்கு. "என்னால் சரிபார்க்க முடியவில்லை" என்ற பதில், "சரிபார்த்தேன், ஓகே" என்று படிக்கப்பட்டது. வேண்டுமென்றே கோளாறாகச் செய்த சான்றிதழைக் காட்டினாலே உள்ளே போய்விடலாம்.

இது புதிய வகைப் பிழையும் அல்ல. 2009 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் இதே குழியில் விழுந்து எழுந்திருந்தது. அதில் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனுக்கு மூன்று விடைகள் உண்டு: 1 என்றால் சரி, 0 என்றால் தவறு, மைனஸ் 1 என்றால் வேறு ஏதோ கோளாறு. அதைப் பயன்படுத்திய பல இடங்களில் பூஜ்ஜியத்தை மட்டுமே தோல்வியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த லைப்ரரியின் உள்ளேயே அப்படி. டிஎன்எஸ் சர்வரான பைண்ட், கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபி ஆகியவற்றிலும் அதே தவறு இருந்தது. ஒரே பிழையை இத்தனை பேர் செய்தால், பழியைப் பயன்படுத்தியவர்கள் மேல் மட்டும் போட முடியாது. தப்பாகப் படிக்க இடம் கொடுத்தது அந்த விடையின் வடிவம்தான்.

ஆப்பிளின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே 0 என்றால் வெற்றி. "தோல்வி என்றால் கடைசிக்குத் தாவு" என்று சொல்லும் வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரிக்கு எந்த நிபந்தனையும் இல்லை. எனவே முக்கியமான கடைசிச் சோதனை நடக்காமலே நிரல் முடிவுக்குத் தாவியது. அதற்கு முந்தைய படி தந்த 0 அப்படியே கையில் இருந்தது. ஒரு லைப்ரரியில் பூஜ்ஜியம் அல்லாத எண் ஏமாற்றியது, இன்னொன்றில் பூஜ்ஜியமே ஏமாற்றியது.

எர்நோ என்ற பொது நோட்டீஸ் போர்டு

சி மொழியின் சொந்த லைப்ரரியும் இதில் ஒழுங்கு இல்லை. கோப்பைத் திறக்கும் ஒரு ஃபங்ஷன் தோற்றால் மைனஸ் 1 தரும், இன்னொன்று வெற்று முகவரி தரும். காரணம் வேண்டுமென்றால் எர்நோ என்ற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸில் அங்கே 2 இருந்தால் கோப்பு இல்லை, 12 என்றால் மெமரி போதவில்லை, 13 என்றால் அனுமதி இல்லை. த்ரெட் தொடர்பான ஃபங்ஷன்களோ எர்நோ பக்கமே போகாமல், எரர் கோடையே விடையாகத் தந்துவிடும்.

வேலை வெற்றியாக முடிந்தால் எர்நோவை யாரும் துடைத்து வைப்பதில்லை என்பது இன்னொரு வில்லங்கம். நேற்றைய நோட்டீஸ் அப்படியே தொங்கும். பழைய யூனிக்ஸில் "இது டைப்ரைட்டர் அல்ல" என்ற செய்தி சம்பந்தமே இல்லாத இடங்களில் வந்து ஆட்களைத் திகைக்க வைத்தது இப்படித்தான். எழுதும் இடம் டெர்மினலா என்று உள்ளுக்குள் நடந்த சோதனை, எர்நோவில் 25 என்ற எண்ணை விட்டுப் போயிருக்கும். வேறு எதற்கோ எர்நோவைப் பார்த்த நிரல், அதையே பிழைக் காரணமாக அச்சிட்டுவிடும். அதனால்தான் தோல்வி என்று உறுதியான பிறகே எர்நோவைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் லாக் எழுதினால்கூட மாறிப்போகலாம்.

நல்ல லைப்ரரி என்ன செய்கிறது?

உங்கள் போனில் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸைப் பாருங்கள். 0 என்றால் ஓகே, 5 என்றால் வேறொருவர் பயன்படுத்துகிறார், 11 என்றால் கோப்பு சிதைந்துவிட்டது, 13 என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது. 5 வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். 11 வந்தால் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று அழைத்தவருக்குத் தெரிவதுதான் கோடுகளைப் பிரிப்பதன் பயன். பின்னாளில் இன்னும் நுணுக்கமான கோடுகள் தேவைப்பட்டபோது, பழைய எண்ணைக் கடைசி எட்டு பிட்களில் அப்படியே வைத்து, கூடுதல் விவரத்தை அதற்கு மேலே ஏற்றினார்கள். கேட்டு வாங்கினால்தான் விரிவான கோடு வரும். பழைய ஆப்கள் உடையவில்லை.

லிப்கர்லும் அப்படியே. 6 என்றால் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, 28 என்றால் நேரம் கடந்துவிட்டது. வழக்கொழிந்த கோடுகளின் எண்களையும் அது காலியிடமாக விட்டு வைத்திருக்கிறது. பழைய எண்ணுக்குப் புது அர்த்தம் கொடுத்தால், எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும்.

ஆம்-இல்லை குழப்பத்துக்கு லினக்ஸ் கெர்னல் குழு ஒரு எழுத்து விதியே வைத்திருக்கிறது. ஃபங்ஷனின் பெயர் "செய்" என்று கட்டளையிட்டால் எரர் கோடு திரும்ப வேண்டும். "இருக்கிறதா" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை திரும்ப வேண்டும். க்னூடிஎல்எஸ்ஸின் அந்தப் பழைய ஃபங்ஷனின் பெயர் "இதுவா என்று சோதி" என்ற பொருளில் இருந்தது. கட்டளையா, கேள்வியா? இரண்டும்தான்! விடையை ஒரு வழியிலும் கோளாறை இன்னொரு வழியிலும் தனித்தனியாகத் திருப்பித் தந்திருந்தால், ஒன்றை மற்றொன்றாகப் படிக்க வாய்ப்பே இருந்திருக்காது.

கம்பைலர்களும் கொஞ்சம் உதவுகின்றன. திரும்பி வந்த எண்ணைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கும்படி ஜிசிசியில் ஒரு ஃபங்ஷனைக் குறித்து வைக்கலாம். சி23 தரத்தில் அது மொழியின் பகுதியாகவே வந்துவிட்டது. 2016இல் வந்த ஜிசிசி 6, நிபந்தனைக்குள் இருப்பது போலத் தெரிந்து உண்மையில் வெளியே நிற்கும் வரிகளைச் சுட்டிக்காட்டத் தொடங்கியது. ஆப்பிளில் நடந்தது போன்ற தவறு அதில் சிக்கிவிடும். க்னூடிஎல்எஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் பிழைகள் இந்த இரண்டிலும் சிக்கியிருக்காது. அங்கே எண்ணைப் பார்க்கத்தான் செய்தார்கள். மைனஸ் எண்ணும் விடையாக வரலாம் என்பதைத்தான் மறந்துவிட்டார்கள்.