பிறை மாறும், பட்டம் மாறாது



2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நம்மில் பல வீடுகளில் புளியை மட்டும் கரைத்துக் குழம்பு வைத்தோம். அந்த விலையேற்றத்துக்கு ஒரு காரணம், அதற்கு முந்தைய சித்திரை, வைகாசி வெயில். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ காயாகாமல் கொட்டிவிடும். நாற்று விட 25 நாள், நட்டபின் காய் பறிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். ஆக, ஆனி மாதம் சமையலறையில் தெரிவது பங்குனியிலேயே நிலத்தில் முடிவாகிவிடுகிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடமோ, சும்மா கிடக்கும் மனையோ உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மாதச் செலவில் ஒரு பங்கு குறையும். எல்லாக் காயும் விளைவிக்க முடியாது. கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தமல்லி, புதினா போதும்.

நமக்கு ஹிஜ்ரி ஆண்டு 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால் 2018-இல் மே மாத வெயிலில் நோன்பு பிடித்த நாம், 2026-இல் பிப்ரவரியில் பிடித்தோம். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமலானும் வர இருக்கின்றன. நோன்புக் கஞ்சிக்குக் கொத்தமல்லி எப்போது வேண்டும் என்பதைப் பிறை சொல்லும். அது எப்படி வளரும் என்பதைச் சூரியன்தான் சொல்லும். முஸ்லிம் கலீஃபா ஆண்ட குர்துபா நகரில் கி.பி. 961 வாக்கில் எழுதப்பட்ட நாட்காட்டியும் விவசாய வேலைகளைச் சூரிய மாதப்படியே வரிசைப்படுத்தியது.

கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் 40 நாளில் பறிக்கலாம். ரஜப் 20 வாக்கில் முதல் விதைப்பு, பிறகு பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று போட்டால் நோன்பு முழுவதும் வரும். புதினாத் தண்டை ரஜப் பிறக்கும்போதே ஊன்றிவிட வேண்டும். முதல் அறுவடைக்கு 60 நாள். இப்போதைய ரமலான்கள் குளிர்காலத்தை நோக்கி நகர்வதால் கொத்தமல்லிக்கு இது நல்ல காலம். வெயிலில் அது இலை விடாமல் பூத்துவிடும். அப்போது நிழல் வலை கட்டியாக வேண்டும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம் ஊரில் கொஞ்சம் யோசித்தே பின்பற்ற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் ஆடியில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். அது ஈரத்தை உறிஞ்சி நாற்றைச் சாய்த்துவிடும். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில், அதாவது ஆடி முடியும்போது, தண்ணீர் விடுகிறார்கள். வாய்க்கால் ஓடினால் சுற்றுக் கிணறுகளிலும் ஊற்று ஏறும். கிணறு உள்ளவர்கள் ஆடியில் விதைக்கட்டும். குழாய்த் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் ஆவணிக் கடைசி வரை பொறுப்பதே நல்லது என்பது நம் கருத்து. மேற்கு ஓரத்தில் அகத்தி நட்டுவிடுங்கள். காற்றையும் தடுக்கும், ஆட்டுக்கும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாத்தியை மேடாக்கினால் வேர் அழுகாது.

மார்கழி, தையில் ஊட்டியின் தலைக்குந்தாவிலும் காந்தளிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்போம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசு சிதைகிறது. வெயில் ஏறியதும் இலை கருகிப்போகிறது. மலை விவசாயிகள் தண்ணீர் தெளித்தும் தழைகளால் மூடியும் பயிரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். மலைக்காய்க்கு நம் சந்தையில் விலை ஏறும்போது அவர்கள் பட்ட நஷ்டத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் அதே மாதிரி இரவு வெறும் பனியோடு போய்விடுகிறது. அதுவும் சும்மா போவதில்லை. பாகல், பீர்க்கன், வெண்டை இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வருவது இந்த மாதங்களில்தான். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் வேரோரம் மட்டும் ஊற்றுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால், ஒரு லிட்டர் புளித்த மோருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் சேர்த்து வாரம் ஒருமுறை தெளித்துப் பார்க்கலாம். கட்டுப்படவில்லையென்றால் கோபிசெட்டிபாளையம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டிக் கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம். உப்பு அதிகமான தண்ணீரில் மிளகாயும் அவரையும் தேறாது.

மயில் தொல்லையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தக்காளியையும் நாற்றையும் கொத்திவிடுகிறது. விஷம் வைப்பதும் மின்வேலி போடுவதும் சட்டப்படி குற்றம், வலைதான் வழி. ஒரு முஸ்லிம் பயிரிட்டதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு சதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் உள்ளது. மயில் தின்றுபோன ஓரப் பாத்திக்கு இந்தக் கணக்கு இருக்கட்டும். நடுப்பாத்திக்கு வலை கட்டுங்கள்.

காய்கறிக்கு உஷ்ரு உண்டா என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி காய்கறிக்கும் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்து ஊற்றி விளைந்தால் இருபதில் ஒன்று. ஷாஃபி மத்ஹபில் காய்கறிக்கு இல்லை. ஹனஃபி மத்ஹபிலும் வீட்டு முற்றத்தில் விளைந்ததற்குக் கிடையாது. தனி மனையிலோ தோட்டத்திலோ விளைவிப்பவர்கள் நிலத்தின் நிலையைச் சொல்லித் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளவும்.